உடற்கல்வித் தேர்வும் மாணவரின் வளர்ச்சியும்

உடற்கல்வி இன்று மதிப்பெண் பெறும் பாடமாகும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 12-ஆம் வகுப்பில் இப்பாடத்தின் 100 மதிப்பெண்களுள் 70-ஐ எழுத்துத் தேர்வுக்கும் 30-ஐச் செய்முறைக்கும் ஒதுக்கியுள்ளது. எழுத்துத் தேர்வு மாணவர் கற்றதை அளக்கிறது. ஓட்டமோ கற்றதை மட்டுமன்றி உடல் வளர்ந்துள்ள அளவையும் சேர்த்தே காட்டுகிறது. இவ்வேறுபாட்டை உணராது மதிப்பிட்டால் மாணவருக்கு அநீதி நேரும்.

கேலோ இந்தியா திட்டத்தின் உடற்தகுதிச் சோதனையை எடுத்துக்கொள்வோம். 9 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு 50 மீட்டர் ஓட்டம் வேகத்தையும், 600 மீட்டர் ஓட்டம் இதயம், நுரையீரல் ஆகியவற்றின் தாங்கும் ஆற்றலையும், கால் நீட்டி அமர்ந்து முன்வளைதல் நெகிழ்வையும் அளக்கின்றன. வயிற்றுத் தசை, கைத் தசை ஆகியவற்றின் வலிமைக்கும் தனிச் சோதனைகள் உண்டு.

உயரம் மிக விரைவாக வளரும் பருவம் பெண்களுக்குச் சராசரியாக 12 வயதிலும் ஆண்களுக்கு 14 வயதிலும் அமைகிறது. எனினும் இது ஒருவருக்கொருவர் ஓரிரண்டு ஆண்டுகள் முந்தியோ பிந்தியோ வருவது இயல்பு. ஆகவே ஒரே வகுப்பில், ஒரே வயதுடைய இரு சிறுவருள் ஒருவன் நீண்ட கால்களும் திரண்ட தசையும் பெற்றிருப்பான். மற்றவனுக்கு வளர்ச்சி அப்பொழுதுதான் தொடங்கியிருக்கும். பின்னவன் தாமதமாக ஓடி முடிப்பது சோம்பலால் அன்று. சில ஆண்டுகளில் இவ்வேறுபாடு பெரும்பாலும் குறைந்துவிடும். அதற்குள் 'இவன் விளையாட்டுக்கு உதவான்' என்று ஒதுக்கப்பட்டால், அவன் மைதானத்தையே துறந்துவிடக்கூடும்.

இதனைத் தவிர்க்க ஆசிரியர்கள் செய்யக்கூடியவை சில உள. ஒவ்வொரு மாணவரின் பிறந்த தேதி, உயரம், எடை ஆகியவற்றைச் சோதனை முடிவுகளுடன் குறித்துவைத்தல் வேண்டும். ஓடுதளத்தை அளவுநாடாவால் அளந்து, ஒரே தளத்தில், காலை வேளையில், ஒரே கடிகாரத்தைக் கொண்டு சோதித்தல் நலம். குறுகிய ஓட்டத்தில் கடிகாரத்தைச் சற்றே தாமதித்து அழுத்தினாலும் முடிவு மாறிவிடும். 40 கிலோகிராம் எடையும் 1.5 மீட்டர் உயரமும் உடையவரின் உடல் நிறைக் குறியீட்டெண் 17.8 ஆகும். இவ்வெண்ணை வயதுக்கும் பாலுக்கும் உரிய அட்டவணையுடன் ஒப்பிட்டே பொருள் கொள்ளவேண்டும்; வளர்ந்தோருக்குரிய வரம்பு இங்குப் பொருந்தாது.

யாவற்றினும் முக்கியமானது, மாணவரை அவரது முந்தைய அளவுடனேயே ஒப்பிடுவதாகும். 600 மீட்டரை 3 நிமிடம் 10 வினாடியில் ஓடியவர் ஒரு பருவப் பயிற்சிக்குப்பின் 2 நிமிடம் 50 வினாடியில் முடித்தால், வகுப்பில் கடைசியாக வந்தாலும் அவர் முன்னேறியவரே. இடைவெளி ஓராண்டுக்கு மேற்படின் அம்முன்னேற்றத்தில் வளர்ச்சியின் பங்கும் மிகும் என்பதை மறத்தலாகாது. சோதனையின் எண் இறுதித் தீர்ப்பு அன்று. அடுத்த பயிற்சியை வகுப்பதற்குரிய தொடக்கமே ஆகும்.