அடுத்த விமானம் புரொப்பெல்லரோடு வரட்டும்

மலாக்கா பத்து பெரெண்டாம் விமான நிலையத்தின் ஓடுபாதை 2,135 மீட்டர் நீளம். அங்கிருந்து நீரிணையைத் தாண்டி சுமத்ராவின் பெக்கான்பாருவுக்கு 200 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரம். ரியாவ் மாநிலத்தார் மருத்துவம் பார்க்க மலாக்கா மருத்துவமனைகளுக்கு வந்துபோன வழி அது. மலிண்டோ ஏர் அந்த வழியில் ஓட்டியது ஏடிஆர் 72 என்ற இரட்டைப் புரொப்பெல்லர் விமானம். கணினியில் சிமுலேட்டர் ஓட்டும் ஆர்வலர்களின் ஆசையோ பெரும்பாலும் பெரிய ஜெட் விமானங்களின் மேல்தான். போயிங் 777-க்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2024 ஜூனில் பிஎம்டிஜி நிறுவனம் 777-300ஈஆர் ஆட்-ஆனை, அதாவது சிமுலேட்டரில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் விமானத்தை, வெளியிட்டது. ஏர்பஸ் ஏ350 கேட்டார்கள். 2025 தொடக்கத்தில் இனிபில்ட்ஸ் நிறுவனம் அதைக் கொடுத்தது. கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குப் போகும் விமானத்தைத் தன் அறையில் உட்கார்ந்தே ஓட்டிப் பார்க்க மலாக்காவின் ஜாசினில் ஒரு பிள்ளை ஆசைப்பட்டால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பறத்தலின் அறிவியல் பிடிபட வேண்டுமானால், அடுத்து கேட்க வேண்டியது சிறிய புரொப்பெல்லர் விமானம்தான். அதுவும் இயந்திரத்தின் உள்ளே நடப்பது வரை ஒழுங்காகச் செய்யப்பட்டது.

ஆட்-ஆன் என்றதும் கண்ணில் படுவது அதன் உருவம், நிறுவனத்தின் நிறம், விமானி அறையின் பளபளப்பு. இவை உழைப்பைக் கேட்பவைதான், ஆனாலும் செய்து முடித்துவிடக் கூடியவை. கடினமானது, விமானம் காற்றுக்கும் இயந்திரத்துக்கும் எப்படிப் பதில் சொல்கிறது என்பதைக் கணக்காக மாற்றுவது. ஏடிஆரின் இயந்திரத்தையே பாருங்கள். சூடான வாயுவைக் கக்கும் முன்பகுதிக்கும் புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைனுக்கும் இடையே இரும்புத் தண்டுத் தொடர்பு கிடையாது. எதிரெதிரே இரண்டு மேசை விசிறிகளை வைத்து ஒன்றை மட்டும் முடுக்கினால் மற்றது தானே சுற்றுமே, அந்த மாதிரி வெறும் காற்றோட்டம்தான் இரண்டையும் இணைக்கிறது. அதனால்தான் ஏடிஆரின் வலது புரொப்பெல்லரைத் தரையில் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, இயந்திரத்தை மட்டும் ஓடவிட்டு, பயணிகள் ஏறும்போது மின்சாரமும் குளிர்காற்றும் எடுக்கிறார்கள். விமானிகள் இதை ஹோட்டல் மோட் என்பார்கள். சிமுலேட்டரில் இது சரியாக நடக்க வேண்டுமானால் இரண்டு பகுதிகளின் சுழற்சியையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். பறக்கும்போதோ புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள, அலகுகளின் கோணம் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். விசையைக் கூட்டினால் மூக்கு ஒரு பக்கம் திரும்பும். விமானி காலால் சரிசெய்ய வேண்டும். ஏர்பஸ் ஜெட்டில் கைப்பிடிக்கும் இறக்கைக்கும் நடுவே கணினி உட்கார்ந்து இந்தச் சறுக்கல்களில் பலவற்றைத் தானே சமன் செய்துவிடுகிறது. ஆகவே கணக்கில் கொஞ்சம் பிசகினாலும் ஓட்டுபவருக்குத் தெரியாமல் போகலாம். புரொப்பெல்லர் விமானத்தில் பிசகு உடனே காலில் தெரிந்துவிடும்.

இவையெல்லாம் ஆர்வலரின் நுணுக்கப் பித்து என்று ஒதுக்க முடியாது. 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில் எத்தி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72 விழுந்து, அதில் இருந்த 72 பேரும் இறந்தார்கள். தரையிறங்கும் நேரத்தில் ஃபிளாப் நெம்புகோலை நகர்த்த வேண்டிய கை, அருகிலிருந்த, புரொப்பெல்லர்களைக் கட்டுப்படுத்தும் இரண்டு கண்டிஷன் நெம்புகோல்களை ஃபெதர் நிலைக்குத் தள்ளிவிட்டது என்று விசாரணை கண்டறிந்தது. ஃபெதர் என்றால் அலகுகள் விளிம்பைக் காற்றுக்குக் காட்டி நிற்கும் நிலை. இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. உந்துவிசை மட்டும் இல்லாமல் போயிற்று. மேலே சொன்ன அந்தத் தனித்தனிச் சுழற்சிதான் இதற்குக் காரணம். இயந்திரம் உயிரோடிருக்க, விமானம் உந்துவிசையின்றித் தவிக்கும். அதற்கு முன், 2015 பிப்ரவரி 4-ல் தைப்பேயில் டிரான்ஸ்ஏசியாவின் ஏடிஆர் 72-600 ஏறிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் இயந்திரத்தின் புரொப்பெல்லர் ஒரு கோளாறான சமிக்ஞையால் தானே ஃபெதர் ஆனது. விமானி நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் இயந்திரத்தை அணைத்துவிட்டார். 43 உயிர்கள் போயின. முறையான பயிற்சி பெற்றவர்களுக்கே நெருக்கடியில் குழப்பம் வரும் இடம் இது. ஃபெதர் நெம்புகோலை வெறும் அலங்காரமாக வரைந்துவைக்கும் ஆட்-ஆன், அந்த விமானத்தின் உயிர்நாடியையே விட்டுவிடுகிறது.

வீட்டுச் சிமுலேட்டர் என்ன இருந்தாலும் விளையாட்டுதானே என்று பெற்றோர் கேட்பார்கள். சிமுலேட்டரின் வரலாறே அந்தக் கேள்வியோடுதான் தொடங்கியது. எட்வின் லிங்க் 1929-ல் தன் குடும்பத்தின் ஆர்கன் தொழிற்சாலையில் கற்ற துருத்தி நுட்பத்தைக் கொண்டு முதல் பயிற்சிப் பெட்டியைச் செய்தபோது, கேளிக்கைப் பூங்காக்கள்தான் அதை வாங்க முன்வந்தன. 1934-ல் அமெரிக்க ராணுவ விமானப்படை அஞ்சல் சுமக்கும் பொறுப்பேற்று, மோசமான வானிலையில் விமானிகளை அடுத்தடுத்து இழந்த பிறகு, அதே பெட்டியில் ஆறை வாங்கியது. சாதாரணக் கணினி விஷயத்திலும் சோதனை நடந்திருக்கிறது. 1990களில் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியில் கணினிச் சாதனம் உண்மையான பறக்கும் நேரத்தைக் குறைக்கிறது என்று கண்டார்கள். ஆனால் புதிதாக ஒன்றைக் கற்கும்போதுதான் அதன் பயன் அதிகம், கற்றதையே திரும்பச் செய்யும்போது குறைவு என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அமெரிக்க விமானத்துறையும் 1997-ல் அங்கீகரிக்கப்பட்ட கணினிச் சாதனத்தில் 10 மணி நேரம் வரை அந்தப் பயிற்சிக் கணக்கில் சேர்க்க அனுமதித்தது. கை வலிக்கும் எடையும் வயிற்றைப் பிரட்டும் குலுக்கலும் மேசைக் கணினியில் கிடையாது, ஆகவே அது பறக்கும் பள்ளிக்கு மாற்றாகாது. எந்த நெம்புகோல் எதைச் செய்யும், ஏன் செய்யும் என்ற அறிவை அது தரும். அதற்கு ஆட்-ஆன் ஆழமாக இருக்க வேண்டும்.

வேலை கிடைப்பது ஜெட்டில்தானே, பிறகு எதற்குப் புரொப்பெல்லர் என்பது இன்னொரு கேள்வி. பத்து பெரெண்டாமிலேயே இருக்கும் மலேசியப் பறக்கும் பயிற்சிக் கழகத்தில் சேரும் மாணவர் முதலில் ஏறுவது சிறிய புரொப்பெல்லர் விமானத்தில்தான். நாளைக்கு ஏ350 ஓட்டப் போகிறவருக்கும் தொடக்கம் அதுவே. லட்சக்கணக்கான வெள்ளி செலவாகும் படிப்பு அது. தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பும்போது, அந்தப் பிள்ளை புரொப்பெல்லர் எப்படி வேலை செய்கிறது என்பதை வீட்டிலேயே அறிந்துகொண்டு போவது சிறிய உதவி அல்ல.

இந்த ஆசை நிறைவேறக் கூடியதுதான் என்பதற்கு 2023 ஏப்ரல் சான்று. மைக்ரோசாஃப்ட் ஏடிஆர் நிறுவனத்தோடு சேர்ந்தே ஏடிஆர் 42-600, 72-600 இரண்டையும் தன் சிமுலேட்டருக்குக் கொண்டுவந்தது. உற்பத்தியாளர் கூட நின்றால் தரவு கிடைக்கும். ஃபோக்கர் 50 கேட்பவர்களுக்கு நிலைமை வேறு. மலேசிய விமான நிறுவனமான மாஸ் 1990களில் உள்நாட்டு வழிகளில் பறக்கவிட்டது, 2007-ல் பினாங்கிலிருந்து தொடங்கிய ஃபயர்ஃபிளை விமான நிறுவனமும் முதலில் பயன்படுத்தியது அந்த விமானத்தைத்தான். மொத்தம் 213 விமானங்கள் கட்டப்பட்டன. ஃபோக்கர் நிறுவனம் 1996-ல் திவாலாகிவிட்டது. கையேடுகள் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். ஓடுபாதையில் விசையைக் குறைத்தால் மூக்கு எவ்வளவு திரும்பும், மழையில் பிரேக் எப்படிப் பிடிக்கும், எந்தச் சத்தத்துக்குப் பொறியாளர் காது கொடுப்பார் என்பதெல்லாம் அதை ஓட்டியவர்கள், பழுது பார்த்தவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. அவர்களில் பலர் இந்த நாட்டிலேயே ஓய்வு பெற்று இருக்கிறார்கள். மென்பொருள் நிறுவனத்துக்குக் கோரிக்கை அனுப்பும் ஆர்வலர்கள் அதற்கு முன் அவர்களிடம் போய், கேட்டு, பதிவு செய்துகொண்டு, அந்தக் குறிப்புகளையும் கோரிக்கையோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.