ஏழு மாத உறக்கத்துக்கு எரிபொருள் எது?

அலாஸ்காவில் வாழும் ஆர்க்டிக் தரை அணில் ஆண்டில் 7, 8 மாதங்கள் வளைக்குள்ளேயே உறங்குகிறது. அப்போது அதன் உடல் வெப்பநிலை மைனஸ் 2.9 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். இத்தனை காலம் உயிரைத் தாங்குவது எது?

கோடையில் தின்று சேர்த்த கொழுப்புதான். ஒரு கிராம் மாவுச்சத்து சுமார் 4 கிலோகலோரி தரும்; கொழுப்போ 9 தரும். உறக்கம் தொடங்கியதும் செல்கள் சர்க்கரையைச் சிக்கனமாகச் செலவிட்டுக் கொழுப்பு அமிலங்களை எரிக்கின்றன. மூளைக்காகக் கல்லீரல் அந்த அமிலங்களைக் கீட்டோன்களாக மாற்றி அனுப்புகிறது. செலவும் சுருங்குகிறது: இதயம் நிமிடத்துக்குச் சில முறையே துடிக்கிறது.

ஆனால் இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை உடல் மீண்டும் 36 டிகிரியை ஒட்டிச் சூடேறும். முதல் சூட்டைக் கொடுப்பது தோள்பட்டைகளின் நடுவே இருக்கும் பழுப்புக் கொழுப்பு. அதிலுள்ள மைட்டோகாண்ட்ரியாக்கள், ஏடிபி மூலக்கூறாகச் சேமிக்க வேண்டிய ஆற்றலை நேரடியாக வெப்பமாக்குகின்றன. பிறகு தசைகள் நடுங்கிக் கைகொடுக்கின்றன. குளிர்காலக் கையிருப்பில் பெரும்பங்கு இந்தச் சூடேற்றங்களுக்கே போகிறது.

அதனால்தான், குளிர்நாடுகளின் குகைகளில் இதேபோல் குளிர்காலம் முழுதும் உறங்கும் வௌவால்களை எழுப்பக் கூடாது. அகாலமாக விழிக்கும் ஒவ்வொரு முறையும், வசந்தம்வரை வர வேண்டிய கொழுப்பு கரைகிறது. பட்டினிச் சாவு நெருங்குகிறது.