பெட்டிக்குள் அடங்கிய பேரொலி

பகலெல்லாம் பொலராய்டு கேமரா நிறுவனத்தில் பொறியாளர் வேலை. இரவானால் வீட்டு நிலவறையில் கிடாரும் டேப் ரெக்கார்டரும். 1970-களின் முற்பாதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டாம் ஷோல்ஸ் என்ற இளைஞரின் நாட்கள் இப்படித்தான் ஓடின. எம்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் முதுகலை முடித்தவர் அவர். வாங்கிய சம்பளத்தில் பெரும்பகுதி ஒலிப்பதிவுக் கருவிகளுக்கே போனது.

1976-ல் அந்த உழைப்பு 'பாஸ்டன்' என்ற அவருடைய குழுவின் பெயரையே தாங்கிய ஆல்பமாக வெளிவந்தது. பெரும்பகுதி அந்த நிலவறையில் பதிவானதுதான். அமெரிக்காவில் மட்டும் அது 1.7 கோடி பிரதிகளுக்கான சான்றைப் பெற்றிருக்கிறது. இவ்வளவு புகழ் வந்த பிறகு சால்டரிங் அயர்னைத் தூக்கிப் பரணில் போட்டிருக்கலாம். ஷோல்ஸ் போடவில்லை. 1980-ல் 'ஷோல்ஸ் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1982-ல் அங்கிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி கடைகளுக்கு வந்தது. அதன் பெயர் ராக்மேன்.

கிடாரின் வயரை ஒரு பக்கம் செருகி, ஹெட்ஃபோனை இன்னொரு பக்கம் செருகினால் போதும். பெரிய மேடையில் நின்று வாசிப்பது போன்ற ஒலி வாசிப்பவரின் காதுக்குள் நிறையும். அடுத்த அறையில் தூங்கும் குழந்தைக்குக் கேட்பதெல்லாம் தந்தியை மீட்டும் 'டிக் டிக்' மட்டும்தான்.

குடம் இல்லாத கருவி

இந்தப் பெட்டி தீர்த்த சிக்கலைப் புரிந்துகொள்ள மின்கிடாரின் இயல்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வீணைக்குக் குடம் உண்டு. பலா மரத்தைக் குடைந்து செய்த அந்தக் குடம்தான் தந்தியின் மெல்லிய அதிர்வை அறை முழுக்கக் கேட்கும் நாதமாக்குகிறது. சாதாரண கிடாருக்கும் உள்ளீடற்ற மரப்பெட்டி இருக்கிறது. மின்கிடார்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டும் கிடையாது. அவற்றின் உடல் கெட்டியான மரப்பலகை.

தந்திகளுக்கு அடியில் 'பிக்கப்' என்ற உறுப்பு இருக்கும். காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. கம்பியில் சிறு மின்துடிப்பு பிறக்கிறது. அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பினால்தான் இசை. ஆகவே மின்கிடாருக்கு ஆம்ப்ளிஃபையர்தான் குடம். கருவியின் பாதி அதில்தான் இருக்கிறது.

அந்தப் பாதிதான் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதது. 1965-ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடை, 'தி ஹூ' குழுவினர் கேட்டதற்காக 100 வாட் ஆம்ப்ளிஃபையரைச் செய்துகொடுத்தது. பழைய ரேடியோக்களில் ஒளிர்ந்த அதே வகை வால்வுகள்தான் அதிலும். இந்த வால்வுகளுக்கு ஒரு குணம். அளவோடு வேலை கொடுத்தால் ஒலி தெளிவாக இருக்கும். தாங்கும் எல்லைக்குத் தள்ளினால் ஒலியலையின் முகடுகள் நசுங்கி, கரகரப்பும் கனமும் கூடும். மீட்டிய சுரம் நெடுநேரம் நிற்கும். ராக் இசை கொண்டாடும் 'டிஸ்டார்ஷன்' இதுதான். அதைப் பெற ஆம்ப்பை ஏறக்குறைய முழு ஒலியில் வைத்தாக வேண்டும். அப்படி வைத்தால் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். சுவர் அதிரும், அண்டை வீட்டார் கதவைத் தட்டுவார்கள்.

ஷோல்ஸ் நிறுவனத்தின் முதல் கருவியே இந்தச் சங்கடத்துக்கான மருந்துதான். 'பவர் சோக்' என்று அதற்குப் பெயர். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து, பாதிக்கு மேற்பட்ட மின்திறனை வெப்பமாக மாற்றிக் கரைத்துவிடும். ஆம்ப் முழு மூச்சில் ஓடும். ஸ்பீக்கரோ அடக்கமாகப் பாடும். ஆனாலும் கனத்த ஆம்ப்பும் ஸ்பீக்கரும் இருந்தாக வேண்டும். அவற்றையும் விட்டுவிட்டால் என்ன என்பதுதான் அடுத்த கேள்வி.

அதற்கு முன்பே சின்ன ஆம்ப்கள் வந்திருந்தன. 1973-ல் அறிமுகமான 'பிக்நோஸ்' பேட்டரியில் ஓடும். பன்றி மூக்கு வடிவத்தில் ஒரே ஒரு குமிழ், சோற்றுத்தட்டை விடச் சிறிய ஒரு ஸ்பீக்கர். எடுத்துப்போக வசதியானது, ஆனால் அடுத்தவர் காதுக்குக் கேட்காமல் வாசிக்க அது செய்யப்படவில்லை. 1979-ல் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டது. நல்ல இசையை ஹெட்ஃபோனில், நடந்துகொண்டே, தனியாகக் கேட்கலாம் என்ற பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. ராக்மேன் என்ற பெயரிலேயே அதன் எதிரொலி இருக்கிறது.

வண்டு ரீங்காரம் போன வழி

கிடாரின் மின்துடிப்பைப் பெருக்கி ஹெட்ஃபோனில் விட்டால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். டிஸ்டார்ஷன் போட்ட கிடாரை நேரடியாக ஹெட்ஃபோனில் கேட்டால் காதுக்குள் வண்டுக் கூட்டம் புகுந்தது போல இருக்கும்.

காரணம் ஸ்பீக்கரில் இருக்கிறது. கிடார் ஆம்ப்களில் வழக்கமாக இருப்பது 12 அங்குல ஸ்பீக்கர். ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூர்மையான ஒலிகளை அது சரியாகத் தராது. பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கருக்கு அது பெரிய குறை. கிடாருக்கோ வரம். டிஸ்டார்ஷனில் பிறக்கும் கீச்சொலிகளை அந்தக் கனத்த காகிதக் கூம்பு வடிகட்டிவிடுகிறது. நல்ல ஹெட்ஃபோன் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கக் கூடியது. அதனால் வடிகட்ட வேண்டியதையும் சேர்த்தே காதில் கொட்டுகிறது.

ஷோல்ஸ் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். ஸ்டுடியோவில் மைக்கின் வழியாகப் பதிவான கிடாரின் ஒலிக்குள் ஆம்ப், ஸ்பீக்கர், அறை மூன்றும் கலந்திருக்கும். அந்தக் கலவையை மின்சுற்றுகளாலேயே செய்துவிட முயன்றார். எந்த அதிர்வெண்ணைத் தூக்க வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று வடிகட்டிகளை அமைத்தார். வால்வு இல்லை, ஸ்பீக்கர் இல்லை, மைக் இல்லை. மீட்டும் விசையில் உள்ள ஏற்ற இறக்கங்களைச் சமன்செய்யும் கம்ப்ரஸரும் கூடுதலாகச் சேர்ந்தது.

ராக்மேனில் திருகு குமிழே கிடையாது. எல்லாம் தள்ளும் சுவிட்சுகள். ஒலியின் வகை நான்கு: இரண்டு தெளிவான ஒலிகள், 'எட்ஜ்' என்ற லேசான கரகரப்பு, முழு டிஸ்டார்ஷன். ஒலியளவுக்கும் குறிப்பிட்ட சில படிகள்தான். ஆம்ப்பில் பத்துக் குமிழ்களைத் திருகிப் பழகியவர்களுக்கு இது கையைக் கட்டிப்போட்டது போல இருந்தது. ஆனால் ஷோல்ஸ் தேர்ந்தெடுத்து வைத்த அந்த நான்கும், முதல் நாள் கிடார் பிடித்தவரையும் மெருகேறிய ஒலியில் வாசிக்க வைத்தன.

சாந்துச் சட்டியும் எதிரொலியும்

ஹெட்ஃபோனில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒலி தலைக்கு நடுவில் ஒட்டிக்கொண்டது போலிருக்கும். சுற்றிலும் இடம் இருப்பதாகத் தோன்றாது. ராக்மேன் அதற்கு இரண்டு வழிகளைக் கையாண்டது. ஒன்று எக்கோ, மற்றொன்று ஸ்டீரியோ கோரஸ்.

இரண்டுக்கும் ஒலியைச் சற்று நேரம் பிடித்துவைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் சிப்புகள் மலிவாகக் கிடைக்காத அக்காலத்தில் அதற்கு உதவியது 'பக்கெட் பிரிகேட்' என்ற வகைச் சிப். 1969-ல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் பிறந்தது. கட்டடத்துக்குத் தளம் போடும்போது சித்தாள்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்களே, அதே வேலைதான். சிப்புக்குள் நூற்றுக்கணக்கான நுண்ணிய கெப்பாசிட்டர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று ஏந்திய மின்னூட்டத்தை அடுத்தது வாங்கிக்கொள்ளும், அது அதற்கடுத்ததற்குத் தரும். வரிசையின் கடைசிக்கு வருவதற்குள் ஒலி சில மில்லி நொடிகள் தாமதமாகியிருக்கும்.

அந்தத் தாமதத்தை மெதுவாகக் கூட்டிக் குறைத்தால், அசலோடு சேரும் நகலின் சுருதி மயிரிழை அளவு ஏறி இறங்கும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் வாசிப்பது போன்ற மயக்கம் அதில் பிறக்கிறது. அதுதான் கோரஸ். இரு காதுகளுக்கும் அது வேறுவேறு விதமாகப் போய்ச் சேரும்போது, தலைக்குள் அடைந்து கிடந்த ஒலி திடீரென்று விரிகிறது. ராக்மேனின் தெளிவான ஒலி, பளிங்குபோல மின்னும் ஒலி என்று இன்றும் பேசப்படுவதற்கு இந்த விரிவே காரணம். எட்டுப் பென்டார்ச் செல்லில் ஓடும் ஒரு பெட்டிக்குள் இவ்வளவும் அடங்கியிருந்தன.

பயிற்சிப் பெட்டி ஸ்டுடியோவுக்குள்

தனி அறையில் பழகுவதற்கென்று வந்த கருவி, ஸ்டுடியோக்களுக்குள் நுழைந்ததுதான் இந்தக் கதையின் மிகப் பெரிய திருப்பம். ஹெட்ஃபோனுக்குப் போக வேண்டிய ஒலியை நேரடியாகப் பதிவுக் கருவிக்கே அனுப்பினால், மைக் வைத்துப் பதிவு செய்த ஆம்ப் போலவே கேட்டது. எந்த நேரத்திலும் பதியலாம். நேற்று வந்த ஒலி இன்றும் இம்மியும் மாறாமல் வரும்.

பிரிட்டனின் டெஃப் லெப்பர்ட் குழு 1987-ல் வெளியிட்ட 'ஹிஸ்டீரியா' இதற்குச் சிறந்த சான்று. தயாரிப்பாளர் மட் லாங்கே அந்த ஆல்பத்தில் குரல்களையும் கிடார்களையும் அடுக்கடுக்காகப் பதிந்தார். பெரிய ஆம்ப்பின் ஒலி கனமானது. நாலைந்து அடுக்குகளிலேயே இடத்தை அடைத்துக்கொண்டு குரலை விழுங்கிவிடும். ராக்மேனின் ஒலி மெலிந்தது, ஓரம் செதுக்கியது. எத்தனை அடுக்கு வைத்தாலும் ஒன்றையொன்று மறைக்காது. அந்த ஆல்பத்தின் கிடார்கள் பெருமளவு இந்தப் பெட்டியின் வழியாக வந்தவை. அமெரிக்காவில் மட்டும் 1.2 கோடி பிரதிகளுக்கான சான்று அதற்குக் கிடைத்தது. அரங்கங்களை அதிரவைத்த ஒரு ராக் ஆல்பத்துக்குப் பின்னால் சுவர் அதிராத ஒரு பெட்டி இருந்தது.

ஷோல்ஸும் தம் கருவிகளையே நம்பினார். 1986-ல் வந்த பாஸ்டனின் மூன்றாவது ஆல்பமான 'தேர்ட் ஸ்டேஜ்' அவருடைய நிறுவனம் உருவாக்கிய கருவிகளைக் கொண்டு பதிவானது. ஆல்பம் தாமதமாகிறது என்று இசைத்தட்டு நிறுவனமான சி.பி.எஸ். அவர்மீது வழக்குத் தொடர்ந்திருந்த காலம் அது. வழக்கில் ஷோல்ஸ் வென்றார். இதற்கிடையில் ராக்மேன் குடும்பமும் பெருகியது. மேம்பட்ட எக்ஸ்100, சோலோயிஸ்ட், பேஸ் கிடாருக்கெனத் தனி மாடல், ஸ்டுடியோ அலமாரிகளில் அடுக்கும் 'சஸ்டெய்னர்' போன்ற பெரிய கருவிகள் எல்லாம் வந்தன.

குறைகளும் இருந்தன. எல்லோருக்கும் ஒரே நான்கு ஒலிகள் என்பதால், யார் வாசித்தாலும் ராக்மேன் வாடை அடித்தது. ஆம்ப்பில் விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி குழைவதுபோல இதில் குழையவில்லை என்று குறைபட்டவர்கள் உண்டு. 1990-களில் முரட்டுத்தனமான, மெருகு பூசாத கிடார் ஒலியின் மீது ரசனை திரும்பியபோது, இந்தப் பளபளப்பு பழைய காலத்தின் அடையாளமாகத் தோன்றியது. 1995-ல் ராக்மேன் கலிபோர்னியாவின் டன்லப் நிறுவனத்தின் கைக்குப் போனது.

வாரிசுகள்

ஆனால் அந்தப் பெட்டி கேட்ட கேள்வி ஓயவில்லை. 1990-ல் ஜப்பானின் ஜூம் நிறுவனம், கிடார் வாரிலேயே மாட்டிக்கொள்ளும் 9002 என்ற டிஜிட்டல் கருவியைக் கொண்டுவந்தது. 2007-ல் வாக்ஸ் நிறுவனத்தின் 'ஆம்ப்ளக்' வந்தது; தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதான அதை நேராகக் கிடாரின் துளையிலேயே செருகிவிடலாம், நடுவில் வயர்கூட வேண்டாம். இப்போது வயரே இல்லாத ஹெட்ஃபோனுக்குள் ஆம்ப்பை அடக்கிவிட்டார்கள். கைபேசிச் செயலிகளும் அதே வேலையைச் செய்கின்றன. இவை எல்லாவற்றிலும் ஸ்பீக்கரைப் போல நடிக்கும் ஒரு வடிகட்டி உண்டு. 1982-ல் ஷோல்ஸ் பிடித்துக்கொண்ட நுணுக்கம் இன்றும் அத்தனை கருவிகளுக்கும் அடித்தளமாக இருக்கிறது.

பழைய ராக்மேனை வாங்க விரும்புகிறவர்கள் முதலில் பேட்டரி அறையைத் திறந்து பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டுகளில் எந்தக் கையிலாவது செல் கசிந்து உள்ளே அரித்திருக்கலாம். ஹெட்ஃபோன் துளையின் சால்டரிங் விட்டுப்போனால் ஒரு காது மட்டும் கேட்கும். உள்ளே வறண்டுபோன கெப்பாசிட்டர்களை மாற்ற, ரேடியோ பழுதுபார்க்கத் தெரிந்த ஒரு நல்ல கை வேண்டும். கோரஸும் எக்கோவும் வேலை செய்கின்றனவா என்று காசு கொடுக்குமுன் கேட்டுப் பார்ப்பது அவசியம். அந்தப் பழைய சிப்புகளுக்கு மாற்று தேடுவது எளிதல்ல.

புதியதோ பழையதோ, ஹெட்ஃபோனில் வாசிப்பவர்கள் ஒலியளவை அடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் அளவு. ஒலி கூடக் கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும்.

பழையதைத் தேடி அலைய முடியாதவர்களுக்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. ராக்மேன் எக்ஸ்100-ஐ, காலால் மிதித்து இயக்கும் பெடலாக டன்லப் நிறுவனம் தன் எம்.எக்ஸ்.ஆர். பெயரில் மீண்டும் வெளியிட்டது. அதிலும் ஒலிகள் நான்குதான்: இரண்டு தெளிவு, ஒரு எட்ஜ், ஒரு டிஸ்டார்ஷன்.