150 நாள் கெடு... தண்ணீர் தீருமுன் திரும்ப வேண்டும்! பழைய கம்ப்யூட்டர் கேம்களை மிரட்டிய கடிகாரம்

மகளைப் போல வளர்த்த பெண்ணைக் காணவில்லை. கொலைவெறியோடு ஒரு கூட்டம் அவளைத் துரத்துகிறது. 2015-ல் வெளியான 'தி விட்சர் 3' கேமில் ஹீரோ கெரால்டின் நிலைமை இதுதான். ஆனால், நீங்கள் அவரை ஊர் ஊராகக் கூட்டிப்போய், சத்திரத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் சீட்டு விளையாடினாலும் ஒன்றும் ஆகாது. நீங்கள் எப்போது வருகிறீர்களோ, அதுவரை அந்த ஆபத்தும் அப்படியே காத்திருக்கும்!

1990-களில் வந்த கேம்கள் இவ்வளவு தாராள மனசு கொண்டவை அல்ல. 'ஆர்.பி.ஜி' என்று வீட்டுப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரு கதாபாத்திரமாக நாமே மாறி, ஊர் சுற்றி, மக்களிடம் பேசி, அவர்கள் தரும் வேலைகளை முடித்துக்கொடுக்கும் ரகம். அந்த வேலைக்குப் பெயர் 'குவெஸ்ட்'. அன்றைய கேம்கள் பலவற்றில் குவெஸ்ட்டோடு சேர்த்து ஒரு கெடுவும் வரும்.

அதில் பிரபலமானது, 1997-ல் இன்டர்ப்ளே நிறுவனம் வெளியிட்ட 'ஃபால்அவுட்'. அணு ஆயுதப் போருக்குப் பிறகான கலிஃபோர்னியா. 'வால்ட் 13' என்ற நிலத்தடிப் புகலிடத்தில் தலைமுறைகளாக மக்கள் வாழ்கிறார்கள். திடீரென்று தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் சிப் பழுதாகிறது. மாற்று சிப் தேடிவர உங்களை வெளியே அனுப்புகிறார்கள். கையிருப்புத் தண்ணீர் 150 நாள்களுக்குத்தான். அதற்குள் சிப் வந்து சேராவிட்டால், ஆட்டம் அங்கேயே முடிந்தது.

நாள் எப்படிக் கழிகிறது?

இது நம் வீட்டுக் கடிகாரம் இல்லை. கேமுக்குள் ஓடும் தனிக் காலண்டர். ஒருவரிடம் நின்று பேசினால் நேரம் பெரிதாகக் கழியாது. ஆனால், வரைபடத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நடக்க ஆரம்பித்தால், கண்ணெதிரே நாள்கள் பறக்கும். சண்டையில் அடிபட்டு, காயம் ஆற ஓய்வெடுத்தாலும் அப்படித்தான். கையில் கட்டியிருக்கும் 'பிப்-பாய்' கருவியைப் பார்த்தால் இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று காட்டும். முதலில் போகச் சொன்ன 'வால்ட் 15' இடிந்து கிடக்கும். அங்கே சிப் இல்லை என்று தெரியவரும்போது வயிற்றில் புளியைக் கரைக்கும்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. 'ஹப்' என்ற வணிக நகரத்தில் தண்ணீர் வியாபாரிகள் இருக்கிறார்கள். பணம் கொடுத்தால் வால்ட்டுக்குத் தண்ணீர் வண்டிகளை அனுப்புவார்கள். கெடு 100 நாள் நீளும். நல்ல டீல்தானே? அங்கேதான் வம்பு. வண்டிகள் போய்வந்தால், ரகசியமாக இருந்த வால்ட்டின் இடம் வெளியே கசியும். மியூட்டன்ட் படை அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். தாகம் தீர்த்த கையாலேயே எதிரிக்கு வழிகாட்டிய கதை!

சிப்பைக் கொண்டுவந்து கொடுத்தாலும் நிம்மதி கிடையாது. அந்தப் படையின் ஆணிவேரை அழிக்கும் வேலை அடுத்து வரும். முதல் பதிப்பில் இதற்கும் 500 நாள் கெடு இருந்தது. இதைப் பிப்-பாய் காட்டாது. சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தவர்கள், எதிர்பாராத ஒரு நாளில் 'வால்ட் வீழ்ந்தது' என்று தெரிந்து நொந்துபோனார்கள். பிறகு வந்த பேட்ச் அப்டேட்டில் இந்தக் கெடுவை 13 வருடங்களாக நீட்டிவிட்டார்கள். சரியான முடிவுதான். காட்டிவிட்டு ஓடும் கடிகாரம் சவால். மறைத்துவைத்த கடிகாரம் போங்கு.

கோபித்துக்கொள்ளும் தோழன்

கெடு எல்லாமே எண்ணாகத்தான் வரும் என்றில்லை. பயோவேர் நிறுவனத்தின் 'பால்டர்ஸ் கேட்' (1998) கேமில் மின்ஸ்க் என்றொரு முரட்டு வீரன். தன் தோழி டைனஹீரை மீட்க உதவக் கேட்டு உங்கள் குழுவில் சேர்வான். நீங்கள் வேறு வேலைகளில் மூழ்கினால் முதலில் நினைவூட்டுவான். அப்புறமும் இழுத்தடித்தால் பொறுமை இழந்து குழுவை விட்டே போய்விடுவான். எந்த எண்ணும் திரையில் ஓடாது. 'வாக்குக் கொடுத்தியே, என்ன ஆச்சு?' என்று வீட்டில் கேட்பதைப் போலவே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த கெடு இதுதான்.

1996-ல் வந்த 'டேகர்ஃபால்' இன்னும் கறார். அங்கே சங்கங்கள் தரும் சின்ன வேலைகளுக்குக்கூட இத்தனை நாள் என்று வரம்பு உண்டு. தவறினால் உங்கள் நல்ல பெயர் கெடும். ஆரம்பத்தில் ஒரு சீமாட்டி எழுதும் கடிதத்தைக் கண்டுகொள்ளாமலே இருந்தால், முதன்மைக் கதையே கைநழுவிப் போய்விடும்.

இந்தக் கெடுக்கள் ஏன் குறைந்தன? முக்கிய காரணம், 'சேவ்' பிரச்னை. இரண்டு நாள் மிச்சம் இருக்கும்போது சேவ் செய்கிறீர்கள். போகவேண்டிய ஊரோ நான்கு நாள் தூரம். எத்தனை முறை லோடு செய்தாலும் தோல்விதான். பல மணி நேர உழைப்பு வீண். தவிர, மூலை முடுக்கெல்லாம் சுற்றிப்பார்க்க ஆசைப்பட்டவர்களைக் கடிகாரம் பதற வைத்தது. அதனால் 1998-ல் வந்த 'ஃபால்அவுட் 2'-ல் அந்த இறுக்கத்தைத் தளர்த்தினார்கள். ஊர்ப் பூசாரி கனவில் வந்து 'சீக்கிரம் வா' என்று கெஞ்சுவார். ஆனால், தாமதித்ததற்காக ஆட்டம் சட்டென்று முடிந்துவிடாது.

வழி தெரிந்தவருக்கு 150 நாள் தாராளம். தெரியாதவரைத்தான் அந்த எண் ஆட்டிப்படைக்கும். சிப் இருக்கும் நெக்ரோபோலிஸ் நகரத்தில், கதிர்வீச்சால் உருக்குலைந்த 'கூல்' மனிதர்கள் நிலத்தடியில் வாழ்கிறார்கள். அவர்களுடைய தண்ணீரும் அதே சிப்பை நம்பித்தான் இருக்கிறது. சிப்பை எடுப்பதற்கு முன் பழைய பம்ப்பைச் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்பார்கள். அதற்கான உதிரி பாகங்கள் அங்கேயே சாக்கடைச் சுரங்கத்தில் கிடக்கும். வேலை முடிய ஒரு நாள்கூட ஆகாது.

நான் முதன்முறை ஆடியபோது பிப்-பாயில் 61 நாள் மிச்சமிருந்தது. அந்த எண்ணைப் பார்த்த பதற்றத்தில் பம்ப்பைத் தொடவே இல்லை. சிப்பைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். ஊரில் ஏக வரவேற்பு. வேறு வேலையெல்லாம் முடித்துக்கொண்டு நெக்ரோபோலிஸுக்குத் திரும்பப் போனபோது, மியூட்டன்ட்கள் எனக்கு முன்பே வந்து போயிருந்தார்கள். பம்ப்பைப் பற்றிக் கேட்டவர்கள் யாரும் அங்கே இல்லை.