“நீ குண்டு; கீழே நில்லு!” — பி.டி. மாஸ்டர்களே, அந்த வார்த்தை வேண்டாம்!

விளையாட்டுப் பெண்களைப் பட்டினி போடும் தராசு

100 கிராம்!

ஒரு குளியல் சோப்புக் கட்டியின் எடை. அவ்வளவுதான். அந்த 100 கிராம், கைக்கு வந்த ஒலிம்பிக் பதக்கத்தைத் தட்டிப் பறித்தது.

2024 ஆகஸ்டு 6. பாரிஸ் ஒலிம்பிக். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் ஒரே நாளில் மூன்று பேரை வீழ்த்தி இறுதிப் போட்டிக்கு வந்தார். வெள்ளி நிச்சயம். தங்கமும் கிடைக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் எடை 50 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. வியர்வை சிந்தினார். நீராவி அறையில் உட்கார்ந்தார். தலைமுடியைக்கூட வெட்டிப் பார்த்தார்கள். காலையில் தராசு காட்டியது 50 கிலோ 100 கிராம். தகுதி நீக்கம்! உடம்பில் நீர் வற்றி, அவர் சிகிச்சைக்குப் போனதுதான் மிச்சம்.

அதே பாரிசில் வெண்கலம் வென்றவர் அமன் ஷெராவத். 2025 செப்டம்பரில் உலகப் போட்டிக்குப் போனார். எடை 1 கிலோ 700 கிராம் கூடுதல். அவரும் வெளியே!

அது பாரிஸ் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். அந்தத் தராசு ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கிறது. ஒரகடத்திலும் இருக்கிறது.

பிரமிடு, கபடி, ஆண்டு விழா

பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டே என்றால் மனித பிரமிடு உண்டு. கிராமத்தில் கபடி என்றால் “55 கிலோ பிரிவு” என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். பெரிய ஆட்டங்களிலும் ஆண்களுக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75 கிலோ என்று வரம்பு உண்டு. கல்லூரி, கம்பெனி ஆண்டு விழா வந்தால் மேடை ஆட்டம்.

ஐ.பி.எல். கிரிக்கெட்டில் 2008 முதல் ஜனங்கள் பார்த்த “சியர் கேர்ள்ஸ்” ஆட்டமும் இந்த வகைதான். வெளிநாட்டில் அது வெறும் ஆட்டம் அல்ல, போட்டி விளையாட்டு. நாலு பேர் ஒருத்தியை மேலே தூக்கி வீசுவார்கள்; பிடிப்பார்கள். 2021-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதன் உலக அமைப்புக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது.

எல்லாவற்றிலும் ஒரே பேச்சு. “ஏய், நீ குண்டு. கீழே நில்லு.” “ராத்திரி சோத்தை நிறுத்து. ரெண்டு கிலோ இறக்கு.” “இந்த டிரஸ் உனக்கு ஏறுமா?”

மாஸ்டர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. விளையாட்டாகத்தான் சொல்கிறார். சொல்லிவிட்டு மறந்தும் போகிறார். கேட்ட பெண் மறப்பதில்லை!

ஒரு வார்த்தை, ஓர் உயிர்

அமெரிக்காவில் கிறிஸ்டி ஹென்ரிக் என்று ஒரு ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. 1988-ல் ஒரு போட்டியில் நடுவர் ஒருவர், “எடையைக் குறை” என்றார். அதன் பிறகு அந்தப் பெண் சரியாகச் சாப்பிடவே இல்லை. ஒரு கட்டத்தில் எடை 22 கிலோவுக்கும் கீழே போனது. 1994 ஜூலை 26-ல் உறுப்புகள் செயலிழந்து இறந்தார். வயது 22.

1997-ல் இன்னொரு கொடுமை. அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், ஐந்து வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். எடை குறைக்க, சூடான அறையில் ரப்பர் சட்டை போட்டுப் பயிற்சி செய்தவர்கள். அதன் பிறகுதான் ரப்பர் சட்டைக்கும் நீராவி அறைக்கும் தடை வந்தது.

சியர்லீடிங் பெண்கள் நிலை என்ன? அமெரிக்கக் கல்லூரிகளில் 136 பேரிடம் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சாப்பாட்டுக் கோளாறு வரும் ஆபத்து இருந்தது. வயிறு தெரிகிற உடுப்பு என்றால் உடம்பைப் பற்றிய கவலை இன்னும் அதிகம்.

உடம்பில் என்ன நடக்கிறது?

ஒரே நாளில் குறைகிற எடை கொழுப்பு அல்ல, தண்ணீர்! தண்ணீர் வற்றினால் ரத்தம் கெட்டியாகும். சிறுநீரகம் திணறும். இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

மாதக்கணக்கில் அரை வயிறு சாப்பிட்டால் வேறு வினை. மாதவிலக்கு நிற்கும். எலும்பு பலம் குறையும். இளம் வயதில் சேர வேண்டிய எலும்பு பலம் பிறகு முழுசாகச் சேராது. பிரமிடின் உச்சியில் நிற்கிற பெண்ணுக்குத் தலைசுற்றினால்? விழுவது அவள் மட்டுமல்ல, கீழே நிற்பவர்களும்தான்.

ஏற்கெனவே நம் பெண்களிடம் ரத்தம் குறைவு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஊரை விட்டு வந்து, ஷிப்டு பார்த்து, விடுதிச் சாப்பாடு சாப்பிடுகிற பெண்கள் இந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், “சோத்தைக் குறை” என்பது நியாயமா?

விதியை மாற்றினார்கள்

இருங்காட்டுக்கோட்டை கார் பந்தய மைதானம் 1990 முதல் இருக்கிறது. எடை குறைந்தால் கார் வேகம் கூடும் என்பது அங்கே போகிற ரசிகர்களுக்குத் தெரியும். இதனால் பார்முலா-1 பந்தயத்தில் உயரமான டிரைவர்கள் பட்டினி கிடந்தார்கள். 2019-ல் விதி மாறியது. டிரைவரும் சீட்டும் சேர்ந்து குறைந்தபட்சம் 80 கிலோ என்று அப்போது வைத்தார்கள். ஒல்லியாக இருந்தால் காரில் பாரம் வைத்துச் சரிக்கட்ட வேண்டும். பட்டினியால் லாபம் இல்லை. பட்டினிக்கு அவசியமும் போயிற்று!

பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக் பயிற்சியாளர்களின் கொடுமைகள் பற்றி 2022-ல் விசாரணை அறிக்கை வந்தது. மறு ஆண்டே புது விதி. பயிற்சியாளர் எடை பார்க்கக் கூடாது. 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு எடையே பார்க்கக் கூடாது. மற்றவர்களுக்குச் சம்மதம் வாங்கி, தகுதி பெற்ற நிபுணர்தான் பார்க்க வேண்டும்.

மாஸ்டர்கள் என்ன செய்யலாம்?

* எல்லார் முன்னாலும் எடை பார்க்காதீர்கள். எண்ணைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். போர்டில் எழுதவே எழுதாதீர்கள்.

* “குண்டு”, “ஒல்லிக்குச்சி” இரண்டும் வேண்டாம். “தொடைக்கு பலம் சேர்க்கணும்”, “காலையில் சாப்பிட்டாயா, நன்றாகத் தூங்கினாயா?” என்று பேசுங்கள்.

* பிரமிடில் அடியில் நிற்பது தண்டனை அல்ல. அஸ்திவாரம் இல்லாமல் கோபுரம் ஏது? அதை எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.

* உடுப்பைப் பெண்களே தேர்ந்தெடுக்கட்டும். அளவு எடுப்பது தனியாக, ஒரு பெண் எடுக்கட்டும். உடுப்பை உடம்புக்குத் தைக்க வேண்டும். உடம்பை உடுப்புக்குத் தைக்கக் கூடாது!

* எடைப் பிரிவு ஆட்டம் என்றால், இயல்பான எடைக்கு ஏற்ற பிரிவில் இறக்குங்கள். வளருகிற பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்துவது குற்றம் மாதிரி. எடை மாற வேண்டும் என்றால் டாக்டர் சொல்லட்டும்.

இந்த அடையாளம் தெரிந்தால் உஷார்

எப்போது கேட்டாலும் “சாப்பிட்டாச்சு” என்பது. சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுவது. அடிக்கடி மயக்கம். திரும்பத் திரும்ப எலும்பில் கீறல். மூன்று மாதம் மாதவிலக்கு வராமல் போவது. இதில் எது இருந்தாலும் திட்டாதீர்கள். வீட்டில் சொல்லி, அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். 104-க்குப் போன் செய்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். மனசு சம்பந்தப்பட்டது என்றால் 14416.

வண்டலூரைத் தாண்டி மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படித்துவிட்டு விசிலோடு வெளியே வருகிற ஒவ்வொருவருக்கும் இது முதல் பாடமாக இருக்கட்டும். பெற்றோர்களும் மாஸ்டரிடம் கூச்சப்படாமல் கேட்கலாம்: “எம் பொண்ணு எடையை யார் சார் பார்க்கிறது? எதுக்குப் பார்க்கிறீங்க?”

கோப்பை இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம் வாங்கலாம். பொண்ணு போனால்?