அடையாற்றங்கரைத் தறியூர்

சென்னைப் பட்டணத்தின் தெற்கே, பல்லாவரம் ரயில் நிலையத்தில் இறங்கி, குன்றத்தூர் செல்லும் சாலையில் மேற்கு நோக்கிப் போனால், பம்மலைத் தாண்டியதும் அனகாபுத்தூர் வருகிறது. பம்மல் எங்கே முடிந்தது, அனகாபுத்தூர் எங்கே தொடங்கியது என்பதைப் புதிதாக வரும் பிரயாணியால் கண்டுகொள்ள முடியாது. கடைகளும் வீடுகளும் அவ்வளவு நெருக்கமாகத் தொடர்ந்து வருகின்றன. மீனம்பாக்கம் விமான நிலையம் அருகிலேயே இருப்பதால், ஆகாய விமானங்களின் இரைச்சல் இங்கே அன்றாடச் சங்கதி. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இவ்வூரில் சுமார் 48,000 பேர் வசித்தனர். தனி நகராட்சியாக இருந்த இது, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டபோது அதன் ஒரு பகுதியாயிற்று.

பட்டணம் விழுங்கிய ஊர்களில் இதுவும் ஒன்று என்று நாம் கடந்து போய்விடலாம். ஆனால் அவ்வாறு போய்விட்டால், வாழைத் தண்டின் நாரை உரித்துச் சேலை நெய்யும் ஓர் ஊரை அறியாமலே போனவர்களாவோம். அந்தத் தொழில் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிலைக்குமா என்பதே இப்போது நம் முன் உள்ள கேள்வி.

மூன்று மலைகளின் நடுவே

இவ்வூரின் வாழ்வை அறிய வேண்டுமானால் முதலில் அதன் நிலத்தை அறிய வேண்டும். கிழக்கே பல்லாவரத்துக் குன்றுகள், தென்மேற்கே திருநீர்மலை, வடமேற்கே முருகன் கோயில் கொண்டிருக்கும் குன்றத்தூர் மலை. இவை வானளாவிய மலைகள் அல்ல. ஆயினும் சரித்திரத்தில் இவற்றுக்கு உயர்ந்த ஸ்தானம் உண்டு.

பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் பூட் என்ற ஆங்கிலேயப் பூகர்ப்ப சாஸ்திரி ஆதிமனிதன் கையாண்ட கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். பாரத நாட்டின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கிற்று. அதே ஊரின் கல், கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கு மேல் பதிக்கப்பட்டது. 1893இல் அக்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, அந்தப் பாறை வகைக்குச் 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். பல்லாவரத்துப் பாறையில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயிலும் இருக்கிறது. குன்றத்தூரோ பெரியபுராணம் தந்த சேக்கிழார் பெருமானின் ஊர். பம்மலின் பெயரையோ நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் தமிழ்நாடெங்கும் பரப்பினார்.

திருநீர்மலையைப் பற்றி வைஷ்ணவப் பெரியோர் சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. பெருமாளைச் சேவிக்க வந்த திருமங்கையாழ்வார், மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்தமையால், நீர் வடியும்வரை ஆறு மாதகாலம் காத்திருந்தாராம். நீர் சூழ்ந்த மலையாதலால் நீர்மலை. பக்தர்களுக்கு இது ஸ்தல மகிமை. இந்த நிலத்தின் இயல்பை அறிந்தவர்களுக்கு இது பூகோள பாடமுமாகும்.

ஆறு தந்ததும் கொண்டதும்

இந்தப் பள்ளத்தின் வழியே அடையாறு செல்கிறது. தாம்பரத்துக்கு மேற்கே, ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரால் உண்டாகும் சிற்றாறு அது. திருநீர்மலைக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் அதில் வந்து கலக்கிறது. அதன்பின் அனகாபுத்தூர், பொழிச்சலூர் ஊர்களின் ஓரமாக ஓடி, விமான நிலையத்தின் ஓடுபாதையொன்றின் கீழே நுழைந்து, சைதாப்பேட்டை வழியாகக் கடலை அடைகிறது. வருஷத்தில் பெரும்பகுதி மெலிந்து கிடக்கும் இந்த ஆறு, ஐப்பசி கார்த்திகையில் வேறு உருக்கொள்ளும்.

நூலை நனைக்கவும், சாயமிட்ட துணியை அலசவும், பாவுக்குக் கஞ்சி காய்ச்சவும் நீரின்றி நெசவுத்தொழில் நடவாது. ஆற்றங்கரையில் நெசவாளர் குடியேறுவது நாட்டு வழக்கம். பாவை நீளவாட்டில் நீட்டிக் கஞ்சியிட்டு ஆற்றுவதற்கு நேரான தெருவும் மரநிழலும் வேண்டும். ஆகவே நெசவூர்களில் தெருவும் தொழிற்சாலையின் ஒரு கூடமாகவே இருந்து வந்தது.

தொழிலுக்கு உதவிய ஆறு பிறகு தோல் பதனிடும் கழிவுகளையும் சாக்கடையையும் சுமக்கலாயிற்று. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. திருமங்கையாழ்வார் கண்டதாகச் சொல்லப்படும் வெள்ளத்தை அன்று எல்லோரும் கண்டார்கள். அடையாற்றின் இரு கரைகளிலும் வீடுகள் மூழ்கின. குழித்தறி உள்ள வீட்டில் வெள்ளம் புகுந்தால் முதலில் நிறைவது தறிக்குழிதான். பாவும் நூலும் சேற்றில் ஊறிப்போனால் நெசவாளியின் மூலதனம் முழுதும் போயிற்று.

ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்பதை அந்த வெள்ளம் கற்பித்தது. அதன் பேரில் ஆற்றைச் சீரமைக்கும் வேலை நடந்து, 2025 மே மாதத்தில் அனகாபுத்தூர் ஆற்றோரத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கு வசித்தவர்களுக்குக் கீரப்பாக்கம் முதலிய தூரத்து ஊர்களில் அடுக்கு வீடுகள் ஒதுக்கப்பட்டன. ஆற்றின் பாதையை அடைக்கலாகாது என்பது நியாயமே. ஆனால் கைவேலையால் ஜீவிக்கும் ஏழைக் குடும்பத்துக்கு வீடு என்பது நான்கு சுவர் மட்டுமன்று. வேலை கிடைக்கும் இடத்துக்கு நடந்து போகும் தூரமும் அதில் அடங்கும். அந்தத் தூரத்தைக் கணக்கில் கொள்ளாத திட்டம் ஆற்றைக் காத்து மனிதரை இழக்க நேரும்.

நைஜீரியாவுக்குப் போன கைக்குட்டை

இவ்வூர்த் தறிகள் ஒருகாலத்தில் நெய்த துணி கடல் கடந்து புகழ் பெற்றது. 'ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்ச்சீப்' என்று அதற்குப் பெயர். 'அசல் சென்னைக் கைக்குட்டை' என்று நாம் சொல்லலாம். பெயர்தான் கைக்குட்டையே தவிர, அது கட்டம் போட்ட பருத்தித் துணி. ஒரு கஜச் சதுரமாக வெட்டிக்கொள்ளும் அளவில் நெய்யப்பட்டதால் அப்பெயர் வந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து இத்துணிகளை ஐரோப்பிய வர்த்தகர்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் விற்றனர். கிழக்கிந்தியக் கம்பெனியார் இதுபோன்ற துணிகளுக்காகவே 1734இல் நெசவாளரைக் குடியேற்றிச் 'சின்னத் தறிப்பேட்டை'யாகிய சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கினார்கள்.

இத்துணியை மிகவும் போற்றியவர்கள் நைஜீரியாவின் கழிமுகப் பிரதேசத்தில் வாழும் கலபாரி மக்கள். பிறப்பு, மணம், இறப்பு ஆகிய மூன்று சமயங்களிலும் அவர்களுக்கு இது வேண்டும். அவர்களுடைய பெண்டிர் இதன் சில இழைகளைக் கத்தியால் நுணுக்கமாக அறுத்து உருவியெடுத்து, நமது கட்டத்திலிருந்து தங்களுக்கே உரிய புதுச் சித்திரத்தைப் படைப்பார்கள். துணி அசல்தானா என்பதை அவர்கள் கண்ணால் மட்டும் சோதிப்பதில்லை, முகர்ந்தும் பார்ப்பார்கள். அடையாற்றங்கரையில் வாழ்ந்த நெசவாளிக்கும், ஆப்பிரிக்கக் கடற்கரையில் தன் குழந்தையை அத்துணியில் ஏந்திய தாய்க்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆயினும் பல தலைமுறைகள் அவ்விருவரையும் ஒரு நூல் பிணைத்திருந்தது.

1970களுக்குப் பின் நைஜீரிய வியாபாரம் குன்றியது. ஒரே சந்தையை நம்பிய ஊர் அச்சந்தை மூடியதும் திகைத்து நின்றது. விசைத்தறியின் போட்டியும் சேர்ந்துகொண்டது. தறியை விற்றுவிட்டு, கட்டிட வேலைக்கும் தோல் தொழிற்சாலைக்கும் பட்டண உத்தியோகத்துக்கும் போனவர்கள் பலர்.

நாரும் ஆடையாயிற்று

எஞ்சி நின்ற சில குடும்பங்கள் மேற்கொண்ட முயற்சிதான் இவ்வூரை மறுபடியும் பேசச் செய்தது. வாழை, சணல், அன்னாசி, கற்றாழை, மூங்கில் ஆகியவற்றின் நாரை இவர்கள் நெய்யத் தொடங்கினார்கள். 25 வகை நாரை ஒரே சேலையில் நெய்து சாதனைப் புத்தகத்திலும் இடம் பெற்றார்கள்.

வாழைநார் நமக்குப் புதியதன்று. பூத்தொடுக்க நம் வீட்டுப் பெண்கள் தினமும் கையாள்வதுதான். பூவோடு சேர்ந்து மணம் பெற்ற நார், இங்கே தானே ஆடையாகிறது. ஒரு வாழை ஒருமுறைதான் குலை தள்ளும்; வெட்டியபின் தண்டில் பெரும்பகுதி தோட்டத்திலேயே மக்கும். அந்தத் தண்டின் மடல்களை உரித்து, தகட்டால் சதையைச் சுரண்டினால் பளபளப்பான நார் கிடைக்கிறது. அதை அலசி உலர்த்தி மெல்லிய இழைகளாகக் கிழிக்க வேண்டும். பஞ்சைப்போல் நூற்று நீளமாக்கிக்கொள்ள இயலாது. ஆளுயரத்துக்கு மேற்படாத இழைகளை ஒன்றோடொன்று முடிச்சிட்டே நீட்ட வேண்டும். இந்தப் பொறுமையான வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். பின்னர் பருத்தியோ பட்டோ பாவாக நிற்க, நார் ஊடையாக ஓடுகிறது. உலர்ந்தால் நார் ஒடியும். ஆகையால் ஈரம் காத்தே நெய்ய வேண்டும். விசைத்தறியின் வேகத்தை இந்த முடிச்சுகள் தாங்கமாட்டா. கைத்தறிக்கென்றே இறைவன் படைத்த இழை என்று இதைச் சொன்னாலும் தகும்.

ஜப்பானிய மலையூர் ஒன்று

வாழைநாரை உடுக்கும் வித்தை தெரிந்தவர்கள் உலகில் வேறெங்கேனும் உண்டா? உண்டு. ஜப்பானின் தென்கோடியில் உள்ள ஒகினாவாத் தீவில், ஓகிமி என்னும் கிராமப் பிரதேசத்தில், கிஜோகா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. முன்னே கடல், பின்னே காடடர்ந்த மலை. 'யம்பாரு' எனப்படும் அம்மலைக்காடு 2021இல் உலக மரபுச் சொத்தாக ஏற்கப்பட்டது. விளைநிலம் குறைவு, மழை அதிகம், காற்றில் எப்போதும் ஈரம். அந்நிலம் நார்வாழைக்கு இடம் தந்தது.

அவ்வாழையின் பழம் உணவுக்கு ஆகாது. நாருக்காகவே மூன்று ஆண்டுகள் வளர்க்கிறார்கள். ஒரு கிமோனோவுக்கு வேண்டிய துணிக்குச் சுமார் 200 மரங்கள் தேவை. உரித்த மடல்களைச் சாம்பல் நீரில் வேகவைத்து நார் எடுக்கிறார்கள். மலையடி வீடுகளில் முதிய பெண்கள் அமர்ந்து இழையோடு இழையை முடிச்சிடுகிறார்கள். 'பஷோபு' என்று அத்துணிக்குப் பெயர்.

இரண்டாம் உலக யுத்தம் ஒகினாவாவைச் சுடுகாடாக்கியது. கொசுக்களை ஒழிப்பதற்கென்று அமெரிக்கப் படையினர் வாழைத் தோட்டங்களையும் வெட்டி வீழ்த்தினர். யுத்தகாலத்தில் வெளியூர் ஆலையில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய தைரா தோஷிகோ என்ற பெண்மணி, அழிந்த கைத்தொழிலை ஊர்ப் பெண்களைக் கொண்டே மீட்டெடுத்தார். 1974இல் ஜப்பானிய அரசாங்கம் கிஜோகாவின் பஷோபுவைத் தேசத்தின் முக்கியக் கலைச்செல்வமாக அறிவித்தது. 2000இல் அந்த அம்மையார் 'வாழும் தேசியச் செல்வம்' என்ற பெருமையைப் பெற்றார். அப்பெருமை பெறுபவர்களுக்கு, தம் கலையைப் பிறருக்குக் கற்பிப்பதற்காக ஆண்டுதோறும் 20 லட்சம் யென் அளிக்கப்படுகிறது. 2022இல், 101ஆம் வயதில் அவர் காலமானார். தொழில் அவரோடு போய்விடவில்லை. அவருடைய மருமகள் முதலியோர் அதை ஏற்று நடத்துகிறார்கள்.

வாழையடி வாழையாக

இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஜப்பானியர் நாருக்காகவே மூன்றாண்டு பயிர் செய்கிறார்கள். நமக்கோ பழம் ஈந்த மரத்தின் மிச்சமே போதும். தமிழ்நாட்டில் வாழைக்கும் பஞ்சமில்லை. தறி அறிந்த கைகளும் இருக்கின்றன. குறை எங்கே? ஜப்பானில் துணியைப் போற்றியதோடு, அதை நெய்யும் கையையும், அந்தக் கையிடம் கற்கும் அடுத்த கையையும் போற்றினார்கள். நாம் கண்காட்சியில் துணியைப் புகழ்ந்துவிட்டு, நெய்தவரின் மகன் ஏன் வேறு வேலைக்குப் போகிறான் என்று கேட்பதில்லை. நாள் முழுதும் தறியில் அமர்ந்தும் கட்டிடக் கூலியளவு வருமானம் கிட்டாதாயின், எந்தத் தகப்பன் தன் மகனைத் தறியில் உட்காரவைப்பான்?

1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் தேதி கல்கத்தாவில் சுதேசி இயக்கம் பிரகடனம் செய்யப்பட்டது. அந்நாளின் ஞாபகமாக 2015 முதல் ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்படுகிறது. விழாவோடு நில்லாமல் செய்யத்தக்கவை சில உண்டு. கற்றுக்கொள்ள வரும் இளைஞருக்கும் பெண்களுக்கும் பயிலும் காலத்தில் உபகாரச் சம்பளம் வேண்டும். வாழைத் தோட்டங்களில் வீணாகும் தண்டிலிருந்து நார் எடுத்துச் சீரான தரத்தில் இவ்வூருக்குச் சேர்ப்பிக்க ஏற்பாடு வேண்டும். வெள்ளம் எட்டாத இடத்தில், ஊருக்குள்ளேயே, பொதுத் தறிக்கூடம் ஒன்று வேண்டும். ஆற்றைச் சீர்படுத்தும்போது கரையை மட்டுமன்றி நீரையும் சுத்தமாக்க வேண்டும்.

நமது பங்கும் ஒன்றுண்டு. கல்யாணத்துக்குச் சேலை எடுக்கும்போது, பட்டுக்காக வெகுதூரம் பிரயாணம் செய்யத் தயங்காத குடும்பங்கள் நம்முடையவை. அந்தப் பட்டியலில் நார்ச் சேலை ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம். விலை சற்றுக் கூடுதலாகத் தோன்றினால், ஒவ்வொரு முடிச்சும் ஒரு பெண்ணின் கையால் இடப்பட்டது என்பதை எண்ணிக்கொள்வோம். பல்லாவரத்தில் இறங்கினால் அனகாபுத்தூர் சில மைல் தூரந்தான்.