முதல் காம்பவுண்ட் வில்: புதுசா, பழசா?

கிருஷ்ணகிரி மாவட்டத்து நடுகற்களில் வில்லேந்திய வீரர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கால வில்லை அவரவர் கை நீளத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். 1960களில் அமெரிக்காவின் ஆலன் உருவாக்கிய காம்பவுண்ட் வில் அப்படியில்லை. முனைகளில் உள்ள கேம் சக்கரங்கள் சுழன்று முடியும் இடத்தில் இழுவையும் நின்றுவிடும். அதனால விலையைக் கேக்குறதுக்கு முன்னாடி உங்க அளவைப் பாருங்க.

கைகளைப் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனி முதல் நுனி வரை அளந்து 2.5ஆல் வகுக்கவும். 170 செ.மீ. என்றால் 68 செ.மீ., சுமார் 27 அங்குலம். இது தோராயம்தான்; ஆனா பொருந்தாத வில்லைத் தள்ள இது போதும்.

அடுத்தது எடை. 60 பவுண்டு வில்லில் 80% குறைப்பு என்றால், முழுதாக இழுத்தபின் கையில் நிற்பது 12 பவுண்டுதான். ஆனா வழியில் அந்த 60ஐத் தாண்டியாகணும். புதியவருக்கு 40க்குள் போதும்.

ஓசூரில் பழைய பைக் எடுப்பவர் என்ஜினை ஓட விட்டுச் சத்தம் கேட்பார். பழைய வில்லை அம்பு இல்லாமல் இழுத்து விட்டுச் சோதிக்கக் கூடாது. அம்புக்குப் போகவேண்டிய விசை வில்லுக்கே திரும்பும். லிம்ப் எனும் வளையும் தகடுகள் விரிசல் விடலாம், முகத்தருகே உடையவும் செய்யலாம். லிம்ப் மேல் பஞ்சை மெதுவாக இழுங்கள். எங்காவது சிக்கினால் வாங்காதீர்கள். நாண் பிசிறடித்திருந்தால் மாற்றும் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அளவு பொருந்தி, பயிற்சியாளரும் பார்த்துச் சொன்னால் பழசு லாபம். பார்த்துச் சொல்ல ஆள் இல்லையென்றால், இழுவை நீளத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள எளிய புதுசே மேல். பாதி விலைக்கு வந்த பொருந்தாத வில், முழு நஷ்டம்.